படகு கரை சேர்ந்த பிறகு

எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளையடிப்பது என்று பழக்கத்தினால் சொல்கிறேனே தவிர, இப்போது சுண்ணாம்பைக் கரைத்து மட்டையால் அடிப்பவர்கள் பட்டணத்தில் யாரும் இல்லை. பட்டி பார்க்க வேண்டும், உப்புத்தாள் தேய்க்க வேண்டும், ப்ரைமர் பூச வேண்டும், அதற்கு மேல் எமல்ஷன் இரண்டு தடவை. சென்ற மார்கழியில், பொங்கலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன். அவர் மூன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார். பெரம்பூரிலுள்ள என் வீடு ஒன்றும் அரண்மனையல்ல. ஆயினும் புத்தக அலமாரிகளை நகர்த்துவதற்கே முதல் நாள் முழுதும் போய்விட்டது.

மூவரில் ஒருவன் சுமார் முப்பது வயதுப் பையன். முப்பது வயதுக்காரனைப் பையன் என்று சொல்வது என் தலை நரைத்ததால் கிடைத்த சலுகை. வேலையில் சுத்தம், பேச்சில் சிக்கனம். எங்கள் வடசென்னைத் தமிழைத் தங்கு தடையில்லாமல் பேசினான். இரண்டாம் நாள் மத்தியானம் ஏணியில் நின்றபடியே தொலைபேசியை எடுத்து, “ஓமம்மா, ஓம். நான் பிறகு கதைக்கிறன்” என்றான். அதை வைத்த கையோடு கீழே நின்றவனிடம், “டேய், அந்த ரோலரக் குடுடா” என்றான்.

எனக்குக் காது நிமிர்ந்தது. “தம்பிக்கு யாழ்ப்பாணமா?” என்று கேட்டேன்.

“அம்மா அப்பா திருகோணமலை ஐயா. நான் கும்மிடிப்பூண்டி.”

“கும்மிடிப்பூண்டியில் எங்கே?”

“கேம்ப்” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஒரு படி மேலே ஏறிக்கொண்டான்.

கதை எழுதுகிறவனுக்குச் சில சமயம் கழுகின் மூக்கு இருக்கிறது. அதற்கு முந்திய வாரந்தான் ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுப் படத்தை நான் இரண்டாம் முறை பார்த்திருந்தேன். இதோ, அந்தப் படத்திலிருந்தே ஒருவன் இறங்கி வந்து என் வீட்டுச் சுவரில் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் டீ கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். “படகில் வந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறதா, தம்பி?”

“நான் படகுல வரல ஐயா. இங்கதான் பொறந்தேன், தொண்ணூத்தி நாலுல.”

என் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை அவன் கவனித்திருக்க வேண்டும். “அம்மா வந்தாங்க. அவங்களுக்கு அப்போ பதினேழு வயசு. ஆனா கேட்டா சொல்ல மாட்டாங்க” என்று எனக்குச் சமாதானம் சொன்னான்.

ஒருவனுக்குத் துன்பம் போதவில்லையே என்று நான் வருந்தியதையும், அதற்காக அவன் எனக்கு ஆறுதல் கூறியதையும் இரவு படுக்கையில் நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. பொங்கலுக்குப் பிறகு பழைய காகிதங்களையும் புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்ததற்கும், ஒரு நாள் கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறியதற்கும் அந்த வெட்கந்தான் காரணம்.

என்னுடைய வியாதி உலகத்துப் படக்காரர்களுக்கும் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யுத்தத்திலும் வறுமையிலும் சிக்கிய சிறுவர் சிறுமியரின் கதையை எடுத்தால் உலகமே கண்ணீர் விடும் என்று அவர்கள் கண்டுபிடித்து நெடுநாளாகிறது. இத்தாலிய டைரக்டர் ரோசெல்லினி இடிந்து கிடந்த பெர்லின் நகரத்திலேயே காமிராவை வைத்து ‘ஜெர்மனி, ஆண்டு பூஜ்யம்’ என்ற படத்தை எடுத்தார். 1948-ல் அது வெளிவந்தது. அதில் வரும் பன்னிரண்டு வயதுப் பையன் நோயாளித் தகப்பனுக்கு விஷம் கொடுத்துவிட்டு, தானும் ஓர் இடிந்த கட்டடத்திலிருந்து குதித்துவிடுகிறான். 1962-ல் ருஷ்யாவின் தார்க்கோவ்ஸ்கி, சேனைக்கு ஒற்றனாக வேலை செய்யும் சிறுவன் ஒருவனை வைத்துத் தம்முடைய முதல் பெரிய படத்தை எடுத்தார்.

நம் பக்கத்துக் கதையும் இந்த வரிசையில் உண்டு. சந்தோஷ் சிவன் 1998-ல் எடுத்த ‘தி டெரரிஸ்ட்’ படத்தில் பத்தொன்பது வயதுப் பெண் மல்லி உடம்பில் வெடியைக் கட்டிக்கொள்ளப் பயிற்சி பெறுகிறாள். வயிற்றிலோ ஒரு சிசு. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002-ல் வந்தது. ராமேசுவரத்து அகதி முகாமில் பிறந்து சென்னையில் தத்துப் பிள்ளையாக வளரும் ஒன்பது வயதுச் சிறுமி, பெற்ற தாயைத் தேடி யுத்தத்தின் நடுவே போகிறாள்.

‘தீபன்’ இவற்றுக்கெல்லாம் பிறகு வந்தது. ஜாக் ஓதியார் என்ற பிரெஞ்சு டைரக்டர் எடுத்தது. 2015-ம் வருஷம் மே மாதம் கான் பட விழாவில் தங்கப்பனை விருதை அதற்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் கோயன் சகோதரர்கள் நடுவர் குழுவின் தலைவர்கள். பாதிக்கு மேல் தமிழிலேயே பேசும் ஒரு படத்துக்கு அந்த விருது கிடைத்தது என்பதை நம்மவர்கள் ஒரு வாரம் பேசிவிட்டு மறந்துவிட்டார்கள். கதாநாயகனாக நடித்தவர் ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் அந்தோனிதாசன். 1967-ல் பிறந்தவர், அல்லைப்பிட்டிக்காரர். பள்ளிக்கூடப் பிராயத்திலேயே இயக்கத்துக்குப் போய், பிறகு அதை விட்டு விலகி, தாய்லாந்து வழியாக 1993-ல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவர். அவருடைய ‘கொரில்லா’ நாவலைப் படித்தவர்களுக்கு அவர் முகத்தில் நடிப்பு எது, ஞாபகம் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். உடன் நடித்த காளீசுவரி சீனிவாசன் நம் சென்னை நாடக மேடைப் பெண்.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு காட்சி. இலங்கையில் ஓர் அகதி முகாம். ஓர் இளம்பெண் கூடாரம் கூடாரமாகப் போய், தாயில்லாத பிள்ளை ஒன்று கிடைக்குமா என்று தேடுகிறாள். பாசத்தினால் அல்ல. செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகள் இருக்கின்றன. அவற்றில் புருஷன், பெண்சாதி, ஒன்பது வயது மகள் என்று மூன்று பேர். புருஷன் கிடைத்தாயிற்று, மகள்தான் வேண்டும். இளையாள் என்ற சிறுமி அப்படித்தான் கப்பல் ஏறுகிறாள். ஒரு குழந்தை பிரயாணச் சீட்டாக மாறுவதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டியவர்களை நான் அறியேன். பிரான்ஸில் அந்தச் சிறுமிதான் முதலில் பாஷை கற்றுக்கொண்டு பெரியவர்களுக்கு மொழிபெயர்க்கிறாள். பாரிஸின் புறநகரில் அவர்கள் குடியேறும் அடுக்குமாடிக் கட்டடத்தில் போதைப்பொருள் கும்பல்கள் துப்பாக்கியோடு திரிகின்றன. காவல்காரனாக வேலை பார்க்கும் தீபன் ஒரு நாள் தரையில் வெள்ளைக் கோடு ஒன்றைப் போட்டு, இதற்கு இந்தப் பக்கம் யாரும் சுடக்கூடாது என்கிறான். 2009-ல் வன்னியில் சர்க்கார் ‘சூடு இல்லாத பிரதேசம்’ என்று அறிவித்ததையும், ஜனங்கள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு குண்டு விழுந்ததையும் அறிந்தவர்களுக்கு அந்தக் கோடு என்னவென்று தெரியும்.

நல்ல படம். ஆனால் ஒன்று கவனியுங்கள். ‘தீபன்’ கரை சேர்ந்த பிறகு நடப்பதைச் சொல்லவே புறப்பட்ட கதை. அப்படியும் டைரக்டருக்கு அந்தக் கரையில் இன்னொரு துப்பாக்கி தேவைப்பட்டது. துப்பாக்கி இல்லாமல், கடல் இல்லாமல், ஒன்றுமே நடக்காத இடத்தில் முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது என்றால் அதை எப்படிப் படம் எடுப்பது? எந்தக் காட்சியில் பின்னணி வாத்தியத்தை உயர்த்துவது?

மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோகல் ஏறினால் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று போய்க் கடைசியாக நிற்கும் இடம் அதுதான். அப்புறம் இரண்டு மூன்று ஊர் தாண்டினால் ஆந்திரா. எண்ணூரில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள், பொன்னேரிப் பக்கம் நெல் வயல்கள், பிறகு மறுபடியும் ஆலைகள். கல்கத்தா சாலையை ஒட்டினாற்போல் சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பை உருக்கி இழுக்கும் ஆலைகளின் தூசி புளியமரத்து இலைகளில் படிந்து கிடக்கிறது. இந்தத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில்தான் முகாம் இருக்கிறது. ஏறக்குறைய 900 குடும்பங்கள். தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று.

திருகோணமலைக்காரர்கள் கும்மிடிப்பூண்டிக்கு எப்படி வந்தார்கள்? அதற்கு ராமநாதபுரக் கடற்கரைக்குப் போக வேண்டும்.

1983 ஜூலை 23-ந் தேதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு கொழும்பில் தமிழர் வீடுகள் எரியத் தொடங்கின. அந்த ஜூலையிலிருந்து 1987 ஜூலை ஒப்பந்தம் வரையில் சுமார் 1,34,000 பேர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு பலர் திரும்பிப் போனார்கள். 1990 மார்ச்சில் இந்தியப் படை இலங்கையை விட்டு வந்தது. ஜூனில் மறுபடியும் போர் மூண்டது. 1989 ஆகஸ்டிலிருந்து 1991 ஏப்ரலுக்குள் மேலும் 1,22,000 பேர். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முனைக்குக் கடல் முப்பது கிலோமீட்டர்தான். வள்ளத்தில் அடைத்துக்கொண்டு இரவில் புறப்பட்டு, மணல் திட்டில் இறக்கி விடப்பட்டு, அங்கிருந்து நடந்தும் தண்ணீரில் இறங்கியும் வந்து சேர்ந்தவர்கள் பலர்.

அவர்களை முதலில் கொண்டுபோய் வைத்த இடம் மண்டபம். மண்டபம் முகாம் இவர்களுக்காகக் கட்டியதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஜனங்களை நிறுத்திவைத்து, காலரா, அம்மை இல்லை என்று பார்த்துக் கப்பலேற்றுவதற்காக இலங்கைச் சர்க்கார் நடத்திய இடம் அது. போகிறவர்களுக்குக் கட்டிய கொட்டகை, வருகிறவர்களுக்கு உதவிற்று.

அதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்தக் கூலி ஜனங்களின் பேரப்பிள்ளைகளே சிலர் அதே கொட்டகைக்கு அகதிகளாகத் திரும்பி வந்தார்கள். மலைநாட்டில் நூறு வருஷம் உழைத்தவர்களை, 1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் யாருடைய பிரஜையும் அல்ல என்று தள்ளிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி கூடப் பாகப் பிரிவினையில் ஆட்டுக்குட்டியை இப்படிப் பிரிப்பதில்லை. 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியாப் பக்கம் வந்து குடிசை போட்டவர்கள், அங்கும் போர் வரவே படகேறினார்கள். இன்றைக்கும் முகாம்களில் இருப்போரில் கணிசமானவர்கள் இப்படிப்பட்டவர்கள். இவர்களில் சிலர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவர்களுடைய மனுக்களைக் கவனித்து முடிவு செய்யும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. முடிவு என்பது காரியாலயங்களில் எவ்வளவு நாள் பிடிக்கும் சங்கதி என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்டபத்தில் இடம் போதாமல், வந்தவர்களை ஜில்லா ஜில்லாவாகப் பிரித்து அனுப்பினார்கள். கும்மிடிப்பூண்டி முகாம் 1990-ல் அப்படி ஏற்பட்டது. ராமேசுவரத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டர். ஊரைப் பார்த்தபடி ஒரு கடற்கரையிலாவது இருக்கலாம் என்று நினைத்தவர்களுக்குத் தமிழ் தேசத்தின் வடக்கு எல்லை கிடைத்தது. பத்தடிக்குப் பத்தடி அறைகள். அப்போது திருவள்ளூர் ஜில்லா கிடையாது. அது 1997-ல்தான் தனியாகப் பிரிந்தது. கும்மிடிப்பூண்டியும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தன. இதை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன்.

1991 மே 21-ந் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வெடியைக் கட்டிக்கொண்டு வந்தவள் ஓர் இளம்பெண். சந்தோஷ் சிவன் படத்துக்கு வித்து அதுதான். உலகம் அந்தப் பெண்ணைப் பற்றிப் படம் எடுத்தது. அந்த இரவுக்குப் பிறகு முகாம்களில் இருந்த அவள் வயதுப் பெண்களையும் பிள்ளைகளையும் பற்றி ஒருவரும் எடுக்கவில்லை. அனுதாபம் ஒரே இரவில் சந்தேகமாயிற்று. எம்.ஜி.ஆர். காலத்தில் அகதி மாணவர்களுக்குக் கல்லூரிகளில் தனியாக ஒதுக்கிய இடங்கள் போயின. சேர்க்கைகள் நின்றன. 1992 தொடக்கத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1996-க்குப் பிறகுதான் கல்லூரிக் கதவு கொஞ்சம் ஒருக்களித்தது. வைத்தியப் படிப்பின் கதவு அதற்குப் பிறகும் திறந்தபாடில்லை. அதற்குப் பிரஜா உரிமை வேண்டுமாம்.

அந்த இருட்டுக் காலத்தில் பிள்ளைகளைப் படிப்பை விடாமல் இழுத்துப் பிடித்தவர்களில் முக்கியமானவர்கள் அகதிகளேதான். தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் தோறும் மாலை வகுப்புகள் வைத்தது. முகாமில் படித்த அக்காமாரே வாத்தியாரம்மாக்கள். எங்கள் வீட்டு ஏணிக்காரனும் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் படித்தவன்தான். பாலிடெக்னிக்கில் இயந்திரத் தொழிலில் டிப்ளமா வாங்கியிருக்கிறான். இதை அவனாகச் சொல்லவில்லை. அலமாரியின் காலுக்கு அடியில் எத்தனை அங்குல முட்டு வைக்க வேண்டும் என்பதை அவன் கணக்குப் போட்டுச் சொன்ன விதத்தைப் பார்த்து நான் தூண்டிக் கேட்டேன்.

“அப்படியானால் ஏன் தம்பி இந்த வேலை? உங்கள் ஊரைச் சுற்றி அத்தனை தொழிற்சாலை இருக்கிறதே?”

“போனேன் ஐயா. பரீட்சை வச்சாங்க, பாஸ் பண்ணேன். அப்புறம் அட்ரஸ் பாத்தாங்க.”

அவ்வளவுதான் சொன்னான். பிறகு, சற்று நேரம் கழித்துச் சிரித்தான். “அந்தக் கம்பெனி காம்பவுண்டு சுவருக்கு ரெண்டு வருஷம் கழிச்சு நான்தான் ஐயா பெயிண்டு அடிச்சேன்.”

முகாம்களிலிருந்து வரும் ஆண்களில் பெரும்பாலோருக்குப் பெயிண்டு வேலைதான் பிழைப்பு என்பது தமிழ்நாட்டில் மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரியும். ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் கூடப் போய் அடிக்கிறார்கள். ஆனால் எங்கே போனாலும் தணிக்கை நாளுக்குத் திரும்பி வந்து தலையைக் காட்ட வேண்டும். அதிகாரி பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பதிவில் கோடு விழும், பணக்கொடை நிற்கும். திருச்சியில் ஒரு சுவர் பாதியில் நின்றால் நிற்கட்டும். பிறந்ததிலிருந்து இப்படி மாதந்தோறும் தான் இருப்பதை நிரூபித்துக்கொண்டே ஒருவன் முப்பது வயது ஆகிறான். அடி இல்லை, உதை இல்லை. ஆனால் இதற்கு வேறு பெயர் என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் நான் முகாமுக்குள் போகவில்லை. அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சாலையோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மாலையில் ஆலை வண்டிகள் வரிசையாகப் போயின. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து பன் வாங்கினாள். கடைக்காரர் தெலுங்கு வாடையில் விலை சொன்னார், அவள் யாழ்ப்பாணத்து ராகத்தில் பேரம் பேசினாள். எனக்குச் சுவாரசியமாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு விசேஷமும் இல்லை.

இந்தக் காத்திருப்பைப் பொறுக்க மாட்டாமல் இரண்டாம் முறை படகேறியவர்கள் உண்டு. இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் இது ஒருவரும் படம் எடுக்காத சர்வதேச நாடகம்.

2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து ஒரு படகு ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டது. அதில் 157 இலங்கைத் தமிழர்கள். ஏறக்குறைய 50 பேர் குழந்தைகள். கிறிஸ்துமஸ் தீவுக்குச் சற்றுத் தொலைவில் ஜூன் கடைசியில் ஆஸ்திரேலிய அதிகாரிகள் அதை மறித்து, எல்லோரையும் தங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் அந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரியாது. ஜன்னல் இல்லாத அறைகளில், நாளின் பெரும்பகுதி பூட்டிய கதவுக்குள் வைத்திருந்தார்கள். ஆண்கள் தனி, பெண்களும் பிள்ளைகளும் தனி. இவர்களை இந்தியாவுக்கே கொண்டுபோய் விடலாமா என்று அந்தச் சர்க்கார் யோசித்தது. ஜூலை கடைசியில் ஆஸ்திரேலியக் கரையில் ஓர் அடைப்புக்குக் கொண்டுவந்தார்கள். சில நாளில், ஓர் இரவோடிரவாக, நவுரு என்னும் பசிபிக் தீவுக்கு விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். வழக்கு ஆஸ்திரேலியாவின் உயர்ந்த நீதிமன்றம் வரை போயிற்று. 2015 ஜனவரியில் ஏழு நீதிபதிகளில் நால்வர் சர்க்கார் செய்தது சட்டப்படி சரியே என்றார்கள், மூவர் மறுத்தார்கள்.

தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். ஜனவரியில் தீர்ப்பு. அதே வருஷம் மே மாதம் கான் நகரத்தில் இளையாளுக்காக எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். படத்தில் ஒரே ஒரு குழந்தை. அந்தப் படகில் ஐம்பது. அவர்களுடைய கதை சட்டப் புத்தகத்தில், சங்கதி எண்களோடு, அதிகாரம் செல்லுமா செல்லாதா என்ற விவாதமாக இருக்கிறது. நான் அதைப் படித்தேன். அதில் ஒரு குழந்தையின் வயதைக் கூட நான் காணவில்லை.

வயது என்றதும் இன்னொரு படம் நினைவுக்கு வருகிறது. லெபனானின் நதீன் லபாக்கி 2018-ல் எடுத்த ‘கபர்நௌம்’. பெய்ரூத் சேரியில் திரியும் ஸைன் என்ற சிறுவனுக்குப் பிறந்த சீட்டுக் கிடையாது. வைத்தியர் அவன் பல்லைப் பார்த்துப் பன்னிரண்டு வயது இருக்கலாம் என்கிறார். தன்னைப் பெற்றதற்காகப் பெற்றோர் மேலேயே அவன் வழக்குப் போடுகிறான். அந்த வேஷத்தில் நடித்த பையனும் ஸிரியாவிலிருந்து பெய்ரூத்துக்கு ஓடி வந்த அகதிதான். படம் வந்த வருஷத்திலேயே அவன் குடும்பத்துக்கு நார்வேயில் இடம் கிடைத்தது. நடித்ததால் ஒரு பிள்ளைக்கு ஒரு தேசம் கிடைத்தது. சந்தோஷந்தான். ஆனால் உலகத்து அகதிப் பிள்ளைகள் எல்லோரையும் நடிக்க வைப்பதற்கு எத்தனை டைரக்டர்கள் வேண்டும்!

கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளின் கதை ஸைனுக்கு நேர் எதிரானது. இவர்களுக்குப் பிறந்த தேதி வெகு துல்லியமாகத் தெரியும். பதிவேட்டில் இருக்கிறது. அந்தத் தேதிதான் சங்கடம். இந்த மண்ணில் பிறந்தாலே பிரஜை என்ற பழைய விதி 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டுந்தான். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகிற்று. கும்மிடிப்பூண்டி முகாமோ 1990-ல் ஏற்பட்டது. ஆகவே அங்கே பிறந்த அகதித் தம்பதியரின் பிள்ளை ஒன்று கூட அந்தப் பழைய விதிக்குள் வர முடியாது. 2019 டிசம்பரில் பக்கத்துத் தேசத்து அகதிகளுக்காகச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று பெயர் எழுதினார்கள். நாலாவது பெயர் எழுதவில்லை.

மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் ஒரு பெண் பிறந்தாள். ஜூலை 1987-க்கு முன். இந்த அற்ப வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு அவள் வழக்குப் போட்டாள். 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளை அவளுக்கு இந்திய பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லிற்று. 2024 பார்லிமெண்ட் தேர்தலில், முப்பத்தெட்டாவது வயதில், திருச்சி முகாமிலிருந்து போய் அவள் முதல் முறையாக ஓட்டுப் போட்டாள். பதினைந்து மாதம் தாமதித்துப் பிறந்திருந்தால் அந்த மை அவள் விரலில் பட்டிராது.

ஒன்றும் செய்யவில்லை என்று நான் குறை கூறுவதற்கில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டுச் சர்க்கார் ரூ.317 கோடிக்குத் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது. அப்போது நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் ரூ.1,500 என்று பணக்கொடையும் உயர்ந்தது. அகதி முகாம் என்ற பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று வைத்தார்கள். 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கள்ளக் குடியேற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. கூரை சரியாயிற்று, பெயர் மாறிற்று, தண்டனை நீங்கிற்று. பிரஜை என்ற சொல் மட்டும் வரவில்லை. ஏணிக்காரனிடம் புது வீடு எப்படி என்று கேட்டேன். “சுவரு நல்லா இருக்கு ஐயா” என்றான். தொழில்காரனின் அபிப்பிராயம்.

வேலை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, என்னிடமிருந்த ‘தீபன்’ தகட்டை அவனிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகு, கொடுத்திருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான்.

“பார்த்தாயா?”

“பாத்தேன் ஐயா. அம்மாவும் உக்காந்தாங்க. அந்தப் பொண்ணு கூடாரம் கூடாரமாப் போய்ப் புள்ள தேடுறா இல்ல, அங்கயே எழுந்து வெளிய போயிட்டாங்க.”

“ஏதாவது சொன்னார்களா?”

“இல்ல ஐயா. ரெண்டு மணி வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தாங்க.”

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. முதல் நாளாயிருந்தால் கேட்டிருப்பேன்.

ரோலரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டே, “ஐயா, அந்த அண்ணன் தரையில வெள்ளக் கோடு போடுறாரே, அது சுண்ணாம்புப் பொடி மாதிரி இருக்கு. ஒரு மழைக்கு நிக்காது” என்றான். ரோட்டில் போடும் கோட்டுக்கு எப்படிக் கலக்க வேண்டும், எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று விளக்கினான். பிறகு கூடத்துச் சுவரில் இரண்டாவது பூச்சை ஆரம்பித்தான். அதை அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டான். வெள்ளிக்கிழமை தணிக்கையாம், வியாழன் இரவே முகாமில் இருக்க வேண்டுமாம். ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல் பூச மிச்சமிருந்தது. சனிக்கிழமை வந்து முடித்துக் கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அப்படியே வந்தான்.